25 குதிரை, ஒரு கையெழுத்து

பேங்க்கில் குப்பை கொட்டுகிறவன் டர்போ, டார்க் என்றெல்லாம் எழுத ஆரம்பித்தால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டே படியுங்கள், பரவாயில்லை. மூன்று மாதமாக என் மண்டையைக் குடைந்த கேள்வி இது: நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்குக் கூடுதல் சக்தி ஏற்றலாமா, வேண்டாமா?

வண்டி, ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2017-இல் வாங்கியது. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் ஃபெராரிக்காரன் அடிக்க வருவான். ஆனால் 2013-இல் இந்த வண்டி இந்தியாவுக்கு வந்தபோது என்னை மாதிரி ஆட்களுக்கு அது ஒரு பெரிய விஷயம். 1.2 லிட்டர் இன்ஜின், அதற்கு ஒரு டர்போ, 105 பிஎஸ் சக்தி, 175 நியூட்டன் மீட்டர் டார்க், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். பார்த்தால் பக்கத்து வீட்டு மாமா மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போகிற வண்டி மாதிரியே இருக்கும். மிதித்தால்தான் தெரியும். மாதச் சம்பளக்காரனின் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அந்தக் காலத்தில் இதுதான்.

நான் குடியிருக்கும் புனேயிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் இருக்கிற சாக்கனில்தான் போலோவைச் செய்துகொண்டிருந்தார்கள். 2022-இல் நிறுத்திவிட்டார்கள். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பம். கடையில் இதற்கு அடுத்த மாடல் இருந்தால், எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு அதை வாங்கலாம். அதே கம்பெனி 2025-இல் கோல்ஃப் ஜிடிஐ கொண்டுவந்தது. அருமையான வண்டி, 265 பிஎஸ். விலை ஐம்பது லட்சத்துக்கு மேல். ஐம்பது லட்சம் என்பது என் கணக்கில் வீட்டுக் கடன் தொகை. கார் விலை இல்லை.

ஆக, இருக்கிற வண்டியையே கொஞ்சம் ஏற்றிவிட்டால் என்ன? கார் லோன் முடிந்து வருடக்கணக்காகிறது. வாரண்டியும் எப்போதோ முடிந்துவிட்டது. கேட்க ஆளில்லை. ஆசையைக் கிளப்பியது யார் என்றால், வீட்டிலிருக்கும் பதினேழு வயது. "அப்பா, ஸ்டேஜ் ஒன் போட்டா உங்க வண்டி வேற லெவல்ல இருக்கும்" என்று ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் போட்டான். தங்கமணி முறைத்த முறைப்பில் சாம்பார் ஆறிப்போனது. ஆனால் வார்த்தை உள்ளே இறங்கிவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சின்ன விளக்கம். இன்ஜினை ஆட்டிவைப்பது ஈசியூ என்கிற ஒரு சின்ன கம்ப்யூட்டர். எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், ஸ்பார்க் எந்த நொடியில் விழ வேண்டும், டர்போ காற்றை எவ்வளவு அழுத்தத்தில் தள்ள வேண்டும், எல்லாம் அதற்குள் அட்டவணை அட்டவணையாக இருக்கிறது. அந்த எண்களை மாற்றி எழுதுவதற்குப் பெயர் ரீமேப். வேறு எந்த பாகத்தையும் மாற்றாமல் எண்களை மட்டும் மாற்றினால் அது ஸ்டேஜ் ஒன். ஒரு நட்டு, போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும், அதில் லேப்டாப்பைச் சொருகினால் போதும். டர்போ வண்டியில் இது நன்றாகப் பலிக்கும். காற்றை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சக்தி உடனே கூடும். டர்போ இல்லாத இன்ஜினில் இதே வேலையைச் செய்தால் கிடைப்பது சொற்பம்.

பிம்ப்ரி பக்கம் இதையே தொழிலாகச் செய்கிற ஒருவரிடம் போனேன். முப்பது வயதிருக்கும். தொழில் தெரிந்த பையன் என்பது பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே தெரிந்தது. இந்தியில்தான் பேச்சு.

"கம்பெனிக்காரன் பூட்டி வெச்சிருக்கான் சார். நான் பூட்டைத் திறக்கிறேன், அவ்வளவுதான். 105 இருக்கிறது 130 ஆகும். 175 நியூட்டன் மீட்டர் 225 ஆகும். 35,000 ரூபாய். பிடிக்கலைன்னா பழைய ஃபைலையே திரும்ப ஏத்தித் தரேன்."

25 குதிரைக்கு 35,000. குதிரை ஒன்றுக்கு 1,400 ரூபாய். பி.காம். படித்த மூளை உடனே வகுத்துப் பார்த்துவிட்டது. இதைவிட மலிவாக உலகத்தில் குதிரை கிடைக்காது.

கிளம்பும்போது வழக்கமாக எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "பில்லில் என்னன்னு எழுதுவீங்க?"

"'சாஃப்ட்வேர் சர்வீஸ்'னு போட்டுடுவேன் சார். வேற எதுவும் வேண்டாம்."

அந்தப் பையன் இதில் எதையும் ஒளிக்கவில்லை, எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்றே சொன்னார். ஆனால் இருபது வருடத்துக்கு மேல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டே பிழைக்கிறவன் நான். செய்த வேலையின் பெயரைப் பில்லில் எழுத முடியாது என்றால், பேனா தானாகவே நின்றுவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

சரி, யோசித்ததைச் சொல்கிறேன்.

முதலில் "பூட்டி வைத்திருக்கிறான்" என்கிற வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. கம்பெனிக்காரன் இன்ஜினின் முழுத் திறனையும் நமக்குத் தருவதில்லை. ராஜஸ்தான் வெயிலில் ஏசி போட்டு ஐந்து பேர் ஏறிப்போகிறவன், லடாக்கில் மூச்சு முட்ட மலை ஏறுகிறவன், சர்வீஸை ஆறு மாதம் தள்ளிப்போடுகிறவன், கிடைத்த இடத்தில் கிடைத்த பெட்ரோலை ஊற்றுகிறவன், எல்லாருக்கும் ஒரே அட்டவணைதான். அத்தனை பேருக்கும் தாங்க வேண்டுமென்றால் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். இது எங்கள் தொழிலில் புதிதல்ல. மாதா மாதம் ஒழுங்காகக் கட்டுகிற கடனுக்கும்கூட, பெரும்பாலான வகைகளில் 0.40 சதவீதம் ஒதுக்கி வைக்கச் சொல்கிறது ரிசர்வ் வங்கி. அந்தப் பணம் சும்மா தூங்குகிறது என்று வெளியில் இருந்து பார்க்கிறவனுக்குத் தோன்றும். அது தூங்குவதற்குத்தான் இருக்கிறது. என்றைக்காவது ஒரு நாள் தேவைப்படும்.

என் வண்டியில் அந்த ஒதுக்கீடு எவ்வளவு என்று பார்த்தேன். இன்ஜினை விடுங்கள், கியர் பெட்டியைப் பார்ப்போம். இந்த ஏழு கியர் டிஎஸ்ஜிக்குள் இரண்டு கிளட்சுகள் இருக்கின்றன. இரண்டும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்சு. இதற்குத் தயாரிப்பாளர் வைத்திருக்கும் உச்ச வரம்பு 250 நியூட்டன் மீட்டர். அந்த வரம்பை அவர்களே எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 2016 நவம்பரில் போலோ ஜிடிஐ என்று ஒரு வண்டியை இந்தியாவில் விட்டார்கள். 1.8 லிட்டர், 192 பிஎஸ், மொத்தமே 99 வண்டி, விலை 25.99 லட்சம். அதே இன்ஜின் வெளிநாட்டில் கையால் போடுகிற கியரோடும் விற்றது. அதில் டார்க் 320 நியூட்டன் மீட்டர். நமக்கு வந்த ஏழு கியர் டிஎஸ்ஜியில்? சரியாக 250. இன்ஜினால் 320 தர முடியும் என்று தெரிந்தும், கியர் பெட்டியைப் பார்த்து 70-ஐக் குறைத்துக்கொண்டார்கள்.

இப்போது என் வண்டிக்கு வருவோம். வரம்பு 250, இருப்பது 175. மார்ஜின் 30 சதவீதம். ரீமேப் செய்தால் 225. மார்ஜின் 10 சதவீதம். 225 என்பது 250-க்குள்தானே என்று பிம்ப்ரி பையன் கேட்டார். நியாயமான கேள்வி, அவர் சொன்னது தப்பும் இல்லை. இப்படி ஏற்றிக்கொண்டு பல வருடம் பிரச்சினையில்லாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 30 சதவீத மார்ஜினோடு வருகிற கடன் மனுவையும், 10 சதவீத மார்ஜினோடு வருகிற மனுவையும் எந்த பேங்க்காரனும் ஒரே கண்ணால் பார்க்க மாட்டான். இரண்டாவதற்கு வேறு யாராவது ஜாமீன் போட வேண்டும். ஹிஞ்சேவாடி டிராஃபிக்கில் சாயங்காலம் ஆறரை மணிக்கு நத்தை மாதிரி ஊர்ந்து, கிளட்சு பிடித்து விட்டு, பிடித்து விட்டு, சூடேறி நிற்கும்போது ஜாமீன்தாரர் யார்?

அடுத்தது பெட்ரோல். காற்றை அதிகம் அழுத்தினால் உள்ளே சூடு ஏறும். சூடு ஏறினால் ஸ்பார்க் மூட்டிய தீ வந்து சேர்வதற்காகக் காத்திராமல் மீதிப் பெட்ரோல் தானாகவே வெடிக்கப் பார்க்கும். நாக்கிங் என்பது அதுதான். அதைத் தடுக்கிற குணத்தைத்தான் ஆக்டேன் என்கிறோம். அப்போது சாதா பெட்ரோல் 91, கொஞ்சம் விலை கூடினால் 95, புனேயில் 2020 டிசம்பரிலிருந்து 100-உம் கிடைக்க ஆரம்பித்தது. "95 போடுங்க சார், கவலையே வேண்டாம்" என்றார் பையன். புனேயில் போட்டுவிடலாம். வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு ஓட்டிக்கொண்டு போவோம். புனேயிலிருந்து பெங்களூரே 840 கிலோமீட்டர் சுமாருக்கு வரும், அதற்கப்புறம் நம்ம எல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு முள் சிவப்பில் இருக்கும்போது, கண்ணில் படுகிற முதல் பங்க்கில் 95 இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டா நிற்க முடியும்?

போதாக்குறைக்கு எத்தனால். 2014-இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு ஒன்றரை சதவீதம் அளவில் இருந்தது. 2025-இல் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், அந்த வகையில் நல்லதுதான். ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட அதில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதே வேலைக்கு அதிகமாகத் தெளிக்க வேண்டும். என் வண்டிக்கு 2017-இல் அட்டவணை எழுதியவர்கள் மனதில் 20 சதவீதம் இல்லை. பழைய ஒதுக்கீட்டில் ஒரு பகுதி ஏற்கெனவே அதற்குச் செலவாகிக்கொண்டிருக்கிறது. மீதியையும் வழித்தெடுக்கவா?

மூன்றாவது, சட்டம். வாரண்டி இல்லை, கேட்க ஆளில்லை என்று மேலே சொன்னேன் இல்லையா? ஆள் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் இருக்கிற விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அதே 2019-இல் வந்த திருத்தச் சட்டத்தில், அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கிற உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதியிருக்கிறது. ரோட்டில் நிற்கிற போலீஸ்காரர் லேப்டாப்பைச் சொருகிப் பார்க்கப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் சட்டம் ரோட்டில் மட்டும் நிற்பதில்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டேன். இன்ஜினின் சாஃப்ட்வேரை மாற்றி சக்தியைக் கூட்டினால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்று ஒரே வரிக் கேள்வி. பதிலும் சுருக்கமாகவே வந்தது. எந்த மாற்றமானாலும் தெரிவிக்க வேண்டும், ஆர்டிஓ ஒப்புதல் இருந்தால்தான் பாலிசியில் சேர்ப்போம். ஆர்டிஓவிடம் போய் "சாஃப்ட்வேர் சர்வீஸ்" பில்லைக் காட்டி ஒப்புதல் கேட்பதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது.

நண்பர் ஒருவர், "சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். சாதாரண இடி, கீறலுக்கு யாருக்கும் தெரியாதுதான். அந்தக் கீறலைப் பற்றி எனக்கும் கவலை இல்லை. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு அவர்கள் போடுகிற மதிப்பே நாமும் அவர்களும் பேசி முடிவு செய்கிற தொகை, பெரிதாக ஒன்றும் போய்விடாது. கவலை எதிரே வருகிறவனைப் பற்றி. மூன்றாம் நபருக்கு உயிரிழப்போ காயமோ நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் தர வேண்டிய தொகைக்கு உச்ச வரம்பு கிடையாது. நீதிமன்றம் சொல்வதுதான் தொகை. பாலிசி நிபந்தனையை வண்டிக்காரன் மீறியிருக்கிறான் என்று நிரூபணமானால், நீதிமன்றங்கள் பல வழக்குகளில் என்ன சொல்லியிருக்கின்றன தெரியுமா? "பாதிக்கப்பட்டவருக்கு முதலில் நீ கொடு, பிறகு வண்டிக்காரனிடம் வசூல் பண்ணிக்கொள்." ஒரு மீறல் அந்த அளவுக்கு முக்கியமா என்பது ஒவ்வொரு வழக்கிலும் வாதாட வேண்டிய விஷயம்தான். அந்த வாதத்தில், குடியிருக்கிற ஃபிளாட்டைப் பணயம் வைத்து, எதிர்த் தரப்பில் உட்கார எனக்குத் தைரியமில்லை. கடன் வசூல் நோட்டீஸ் எப்படி எழுதுவார்கள் என்பது எனக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும் :-)

இதற்கு நடுவில் பையன் விடவில்லை. அமெரிக்காவில் கம்பெனிக்காரனே "பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ்" விற்கிறான், நாம் செய்தால் மட்டும் என்ன தப்பு என்று கேட்டான். நல்ல கேள்வி. வா, அந்த பேக்கேஜுக்குள் என்ன இருக்கிறது பார்ப்போம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

2015 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. ஐந்து லிட்டர் வி8, 435 குதிரைத்திறன். பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் விலை 2,495 டாலர். கொடுத்தால் என்ன கிடைக்கும்? முன்னால் ஆறு பிஸ்டன் வைத்த ப்ரெம்போ பிரேக், 15 அங்குல டிஸ்க். பெரிய ரேடியேட்டர். இறுக்கமான முன் ஸ்பிரிங். பின்னால் தடிமனான ஆன்ட்டி ரோல் பார். இரண்டு சக்கரத்துக்கும் பிடிப்பைப் பங்கிட்டுக் கொடுக்கிற டோர்சன் டிஃபரன்ஷியல், அதுவும் 3.73 விகிதத்தில். 19 அங்குல சக்கரம், பின்னால் இன்னும் அகலமான டயர். சரி, இன்ஜின்? அதே 435. ஒரு குதிரைகூடக் கூடவில்லை.

பையன் இரண்டு தடவை ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்தான். "என்னப்பா, பவரே ஏறலை?"

அடுத்தது ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ. ஐரோப்பாவில் அதற்கும் ஒரு பெர்ஃபார்மன்ஸ் வகை இருந்தது. 220 பிஎஸ் 230 ஆகும். டார்க் இரண்டிலும் அதே 350. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட 6.5 வினாடி எடுத்தது 6.4 ஆகும். அந்த 0.1 வினாடிக்கா காசு? இல்லை. கூடவே பெரிய பிரேக் டிஸ்க்குகளும், முன் சக்கரங்களுக்கு எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் இயங்குகிற டிஃபரன்ஷியல் லாக்கும் வந்தன. வளைவில் சக்தி வீணாகாமல் தரையில் இறங்குவது அதனால்தான்.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கம்பெனிக்காரன் பேக்கேஜ் என்ற பெயரில் விற்பது வேகத்தை அல்ல. வேகத்தைத் தாங்குகிற அத்தனை பாகங்களையும் ஒன்றாகச் சேர்த்து, சோதித்து, எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கையெழுத்துப் போட்டு விற்கிறான். பிரேக் காய்ந்தாலும், கியர் பெட்டி உடைந்தாலும், வாரண்டி கேட்டு அவன் வாசலில் போய் நிற்கலாம். அந்த 2,495 டாலரில் நாம் வாங்குவது உருப்படியாக அந்தக் கையெழுத்தைத்தான். பிம்ப்ரியில் எனக்குக் கிடைப்பது பேக்கேஜில் இல்லாத அந்த ஒன்று மட்டும்: குதிரை. பிரேக் பழையது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டயர் பழையது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் பெயர்.

வேகத்தின் கணக்கு வேறு மாதிரி வட்டி போடும். நூறில் போகிறவன் நூற்றிருபதில் போனால் வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடும். வர்க்கக் கணக்கு அது, கூட்டு வட்டியைவிட மோசம்.

தங்கமணி இத்தனை ஆராய்ச்சியையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, இப்ப இருக்கிற பவரையே முழுசா எத்தனை தடவை யூஸ் பண்றீங்க?"

தெரியவில்லை. தெரியாததை ஆடிட் பண்ணிவிட வேண்டியதுதானே? ஒரு மாதம் டைரி போட்டேன். ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதிக்கிற ஒவ்வொரு தடவையும், வண்டியை நிறுத்தியதும் குறித்துவைத்தேன். அந்த மாதம் ஓடியது 1,140 கிலோமீட்டர். முழுசாக மிதித்தது 9 தடவை. ஐந்து தடவை, எக்ஸ்பிரஸ்வேயில் ஏறும்போது லாரிகளுக்கு நடுவே புகுந்து வேகம் பிடிக்க. இரண்டு தடவை, கம்பாட்கி காட்டில் மலை ஏறும்போது லாரியைத் தாண்ட. ஒவ்வொன்றும் ஏழெட்டு வினாடி. மொத்தம் கூட்டினால் ஒன்றேகால் நிமிடம் தேறாது. அந்த ஒன்பதில் ஒரு தடவைகூட, சக்தி போதவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

மீதி இரண்டு? ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, ரோடு காலி, நான் மட்டும். எந்தக் காரணமும் இல்லாமல் மிதித்தது. கணக்குப் பார்த்தால் அந்த இரண்டும்தான் அந்த மாதத்தின் மிகச் சிறந்த பதினைந்து வினாடிகள். அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆடிட் ரிப்போர்ட் பொய்யாகிவிடும். டர்போ விசில் அடிக்க, முதுகு சீட்டில் பதிய, நாற்பத்தேழு வயது கொஞ்ச நேரத்துக்கு எங்கேயோ போய்விடுகிறது. 25 குதிரை கூடினால் அந்தப் பதினைந்து வினாடி இன்னும் இனிக்கும். சந்தேகமே இல்லை. எனவே "தேவையில்லை, அதனால் வேண்டாம்" என்று சொல்ல நான் தயாரில்லை. தேவையைப் பார்த்து வாங்கியிருந்தால் 2017-இலேயே வேறு வண்டி வாங்கியிருப்பேன்.

ஆனால் எக்ஸ்பிரஸ்வேயில் சமவெளியில் கார்களுக்கு வரம்பு மணிக்கு 100. மலைப்பகுதியில் அதைவிடவும் குறைவு. அந்த 25 குதிரையும் ஓடுவதற்கு இடம் எங்கே? ரேஸ் டிராக்கில் ஓட்டலாம், நம்ம ஊரிலேயே இருங்காட்டுக்கோட்டையில் ஒன்று இருக்கிறது. அங்கே போனால் சாதாரண கார் பாலிசி வராது. பந்தயம், வேகச் சோதனை இரண்டுமே விதிவிலக்குப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அங்கே எதிரே ஸ்கூட்டரில் யாரும் வர மாட்டார்கள். போனால் என் வண்டி, என் காசு.

கடைசியாக இன்னொரு காரணம். மற்றவற்றுக்கெல்லாம் கணக்கு இருக்கிறது. இதற்கு இல்லை.

அடுத்த வருடம் பையனுக்குப் பதினெட்டு ஆகிறது. லைசன்ஸ் எடுப்பான். எடுத்ததும் இந்த வண்டியைத்தான் ஓட்டுவான். எங்கள் புனேயில் 2024 மே 19 அதிகாலை என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கல்யாணி நகரில், பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே மோதி, பைக்கில் வந்த இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்துபோனார்கள். அந்த வாரம் எங்கள் சொசைட்டியில் பதின்ம வயதுப் பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் சரியாகப் பேச்சில்லை. என் பையன் குடிக்கிறவன் இல்லை, முரடன் இல்லை. என் போலோவும் போர்ஷே இல்லை. எல்லாம் சரிதான். ஆனாலும் அவன் கையில் சாவியைக் கொடுக்கிற அன்றைக்கு, அந்த வண்டியைப் பற்றி ஆர்டிஓவிடமும் இன்ஷூரன்ஸிடமும் சொல்லாத ஒரு விஷயம் அதற்குள் ஒளிந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

முடிவை அவனிடம் சொன்னேன். முகம் தொங்கிப்போய்விட்டது. "அப்ப எதுக்குப்பா டிஎஸ்ஐ வாங்கினீங்க? சாதா போலோவே வாங்கியிருக்கலாமே?"

"டிஎஸ்ஐ வாங்கினப்ப கம்பெனி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துதுடா. இதுக்கு யார் போடுவா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "நான் சம்பாதிச்சு வாங்கினா கண்டிப்பா பண்ணுவேன்" என்றான்.

"பண்ணு. உன் பேர்ல ஆர்சி, உன் பேர்ல பாலிசி. எல்லாருக்கும் சொல்லிட்டுப் பண்ணு."

எடுத்துவைத்த 35,000 சும்மா இருக்கவில்லை. நாலு டயரையும் மாற்றினேன். பழையதில் இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம் என்று கடைக்காரர் சொன்னார், பரவாயில்லை என்றேன். முன் பிரேக் பேட், பிரேக் ஆயில், வீல் அலைன்மென்ட். எல்லாம் சேர்த்து 41,000 ஆயிற்று. கூடுதல் ஆறாயிரத்தைத் தங்கமணி கேள்வி கேட்காமல் பாஸ் பண்ணியது எங்கள் வீட்டு வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய சம்பவம். பில்லில் ஒவ்வொரு பொருளின் பெயரும் ஒழுங்காக எழுதியிருந்தது. குதிரை அதே 105. ஜூலை மழையில் காத்ரஜ் இறக்கத்தில் வரும்போது முன்னால் போன டெம்போ திடீரென்று நின்றது. நானும் நின்றேன், நடுவில் நல்ல இடைவெளி இருந்தது. பக்கத்து சீட்டில் இருந்த பையன், "டயர் நல்லாத்தான் இருக்குப்பா" என்றான். அவனிடமிருந்து இதுவே பெரிய சர்ட்டிஃபிகேட்.

ஆசை போய்விட்டதா என்றால், போகவில்லை. பிம்ப்ரி பக்கம் போனால் அந்தக் கடை வாசலில் தானாகவே கால் பிரேக்கைத் தொடுகிறது. உங்களுக்கும் ஆசை இருந்தால் நான் யார் தடுக்க? குதிரை என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு உள்ளே போகும்போது, கூடவே இதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: பில்லில் என்ன எழுதுவீங்க?